இரண்டாவது விளக்கும் பதினொன்றாவது விளக்கும்

என் வீட்டுக்காரருக்கு இலவசமாகக் கிடைக்கும் எதன்மீதும் நம்பிக்கை கிடையாது. காய்கறிக் கடையில் கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலையைக்கூட ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். அப்படிப்பட்டவரிடம் போய், மேடை விளக்குகளை இயக்க ஒரு மென்பொருள் இருக்கிறது, எழுதியவர்கள் அதை ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்திருக்கிறார்கள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று நான் சொன்னேன்.

"சும்மா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான்? அவனுக்கு இன்னா கெடைக்குது?" என்றார்.

"ஒண்ணும் கெடைக்காது."

"அப்போ அவன் சரியில்ல" என்று முடித்துவிட்டார்.

செஞ்சியில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு சவுண்ட், லைட் சர்வீஸ் கடை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, ஆண்டு விழா, கட்சிக் கூட்டம் என்று வல்லம், அனந்தபுரம் வரைக்கும் எங்கள் வண்டி போகும். போகிற வண்டியில் நான் இருக்க மாட்டேன். கடையில் உட்கார்ந்து போன் எடுப்பதும், திரும்பி வரும் ஒயர்களில் எது செத்தது எது பிழைத்தது என்று பிரிப்பதும்தான் என் வேலை. மேடைக்கு எதிரே, கூட்டத்துக்குப் பின்னால், விளக்குப் பலகையை வைத்துக்கொண்டு உட்கார ஒரு நாற்காலி போடுவார்கள். அது அவருடைய நாற்காலி. பத்து விரலாலும், அதில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டைகளை ஏற்றி இறக்கி, மாப்பிள்ளை பெண் உள்ளே நுழையும்போது மேடையையே பொன்னாக்கிவிடுவார். அவர் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தேன். அங்கே இருந்ததெல்லாம் கிழடுதட்டிய கம்ப்யூட்டர்கள். லினக்ஸ் போட்டால்தான் எழுந்து நடக்கும். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி அவற்றை உயிர்ப்பிக்கும் சுகம் எனக்கு அங்கேதான் பழகியது. அதனால் பழைய பலகையின் கட்டைகள் தேய்ந்து கரகரக்க ஆரம்பித்ததும், சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டரை வாங்கி, அந்த இலவச மென்பொருளை அதில் ஏற்றி, சமையலறை மேடையில் வைத்து ஒரு மாதம் பழகினேன். ஒற்றை விளக்கை அரிசி டப்பாவின் மேல் நிறுத்தி, குழம்பு கொதிக்கிற நேரத்தில் நிறம் மாற்றிப் பார்ப்பேன். வீடு நீலமாகவும் சிவப்பாகவும் மாறும். அவர் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

கடைசியில் ஒருநாள் இறங்கி வந்தார். "சரி. ஒரு மேடை தர்றேன். நல்லா வந்துதுன்னா நீயே ஓட்டு. சொதப்பிச்சின்னா இந்தக் கம்ப்யூட்டர் டப்பா அலமாரிக்கு, நீ கடைக்கு. அப்புறம் என்கிட்ட இந்தப் பேச்சே பேசக்கூடாது."

"எந்த மேடை?"

"வர்ற வாரம், ஜைனர் வீட்டு ரிசப்ஷன்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சாதாரணம் இல்லை. மற்ற ரிசப்ஷன்களில் எங்கள் தொழிலுக்குப் பந்திதான் காவல் தெய்வம். விளக்கு எரியவில்லையா, மைக் கீச்சிடுகிறதா, கூட்டம் சாப்பிடப் போயிருக்கும். திரும்பி வந்து உட்காருவதற்குள் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். எங்கள் பக்கத்து ஜைனக் குடும்பங்களில் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். அதிலும் செஞ்சியில் அவசரம் அதிகம். மேற்கே ராஜகிரி நிற்கிறது. உண்மையான அஸ்தமனத்துக்கு முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மலை மறைத்தது கணக்கில் வராது என்று ஒருவர் சொல்வார், எதற்கு வம்பு என்று இன்னொருவர் சொல்வார், எல்லோரும் வேகமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். விளக்கு தேவைப்படும் நேரத்தில் மொத்த ஊரும் கை கழுவி, வெற்றிலை போட்டு, மேடையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மேடைக்கு மேலே குறுக்குக் கம்பியில் வரிசையாகப் பன்னிரண்டு விளக்குகள். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும், வீட்டுக்கு நம்பர் போடுவது மாதிரி. ஒரு வீட்டுக்கு ஏழு அறை. முதல் அறைக்கு நாம் அனுப்புவது வெளிச்சம், இரண்டாவது சிவப்பு, மூன்றாவது பச்சை, நான்காவது நீலம், மிச்சம் மூன்றும் மினுக்குவது போன்ற வேலைகளுக்கு. அதனால் முதல் விளக்கு ஒன்றில் ஆரம்பித்தால் அடுத்தது எட்டு, அதற்கடுத்தது பதினைந்து என்று ஏழேழாகப் போகும். இந்தப் பன்னிரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். முந்தின நாள் கடையில் தரையில் பரப்பி வைத்து, விளக்கின் முதுகில் உள்ள பொத்தானை அழுத்தி அழுத்தி, அவரே போட்டார். நான் சரிபார்க்கவில்லை. ஒயர் சுற்றினால்கூட எல்லாச் சுற்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்கிற மனிதர். அவர் போட்டதை யாராவது சரிபார்ப்பார்களா?

ரிசப்ஷன் அன்று மண்டபத்தில் மத்தியானம் வரை வேறொரு கல்யாணம். அது முடிந்து கம்பியை ஏற்றுவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் மின்விசிறிக்கும் சமையல்கட்டுக்கும்தான். ஐந்தரைக்குக் கரண்ட் வந்தபோது பந்தி பாதி முடிந்திருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவை இயக்கி, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு, 'வெள்ளை' என்ற பொத்தானைத் தட்டினேன்.

ஒன்றும் எரியவில்லை.

இதற்கு நான் பயப்படவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரை ஒரு யுஎஸ்பி குச்சி வழியாகத்தான் இணைக்க வேண்டும். அந்தக் குச்சியைத் தொட மென்பொருளுக்கு அனுமதி இல்லை என்று லினக்ஸ் நிறுத்தி வைத்திருந்தது. முந்தின நாள் நான் புதிதாக ஏற்றிய அப்டேட் செய்த வேலை. விழாவுக்கு முந்தின நாள் அப்டேட் போடக் கூடாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வரி தட்டி அனுமதி கொடுத்து, மறுபடி இயக்கினேன். பன்னிரண்டும் எரிந்தன.

பத்து விளக்கு வெள்ளை. இடமிருந்து இரண்டாவதும் பதினொன்றாவதும் மஞ்சள்.

சரி, வெள்ளை போனால் போகிறது, பெண்ணின் அப்பா கேட்டது ரோஸ்தானே என்று ரோஸைத் தட்டினேன். பத்து விளக்கு ரோஸ். அந்த இரண்டும் பச்சை. சிவப்பைத் தட்டினேன். அந்த இரண்டும் அணைந்தே போயின.

இந்தச் சமயத்தில் பெண்ணின் தாய்மாமா சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார். திரும்பி, பின்னால் இருந்த என்னிடம் உரக்க, "ரெண்டு பக்கமும் சமமா மாத்தி வெச்சிருக்கீங்களே, டிசைன் நல்லாருக்குதும்மா" என்றார். நான் பல்லைக் காட்டினேன்.

பின்னாலேயே பெண்ணின் அப்பா வந்தார். அவர் ஏமாறுகிற ஆள் இல்லை. "பச்சை எதுக்கும்மா? பொண்ணு ரோஸ் மட்டும்தான் வேணும்னு சொல்லிச்சே."

"டெஸ்டிங் பண்றோம் சார்."

"ஆறு மணிக்குப் பொண்ணு மாப்பிள்ளைய மேடை ஏத்தறோம். அதுக்குள்ள டெஸ்டிங் முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும் சார்."

மணி ஐந்து நாற்பது. என் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மேல தப்பு ஒண்ணும் இல்ல. நம்பர் எல்லாம் போட்டாச்சு. டப்பாவைப் பாரு" என்றார். அந்த 'டப்பாவைப் பாரு' எனக்குச் சுருக்கென்றது. நான் தோற்க வேண்டும் என்று நிற்கிறார் என்றே நினைத்தேன். அவருடைய பழைய பலகையை எடுத்துப் போட்டு மானத்தைக் காப்பாற்றவும் வழியில்லை. அதற்கு விளக்குகளின் எண் எல்லாமே வேறு. பன்னிரண்டையும் கீழே இறக்கித் திரும்பப் போட வேண்டும். அன்றைக்கு இந்த டப்பாதான், இதை விட்டால் இருட்டு.

டப்பாவைப் பார்த்தேன். திரையின் மூலையில் ஒரு குட்டி மின்னல் படம் வந்து வந்து போனது. கரண்ட் போதவில்லை என்று அர்த்தம். அவசரத்தில் போன் சார்ஜரைச் செருகியிருந்தேன். பையைக் கொட்டி அதற்குரிய சார்ஜரைத் தேடி மாற்றினேன். மின்னல் போனது, பச்சை போகவில்லை. மென்பொருளை மூடித் திறந்தேன். பச்சை. டப்பாவையே அணைத்து எழுப்பினேன். அது எழுந்து கண் விழிப்பதற்குள் முன்வரிசை நிறைந்துவிட்டது. ஒயர் முனையைப் பிடுங்கி ஊதிச் செருகினேன். அதனால் எந்தப் பிரயோஜனமும் கிடையாது, எனக்கே தெரியும், இருந்தாலும் ஊதினேன். பச்சை.

அப்புறம்தான் பதறுவதை நிறுத்திவிட்டு, கோபத்தோடு யோசிக்க ஆரம்பித்தேன். எனக்குக் கோபம் வந்தால்தான் மூளை ஓடும். ஒயர் கெட்டால் கண்டபடி மினுக்கும். இது மினுக்கவில்லை, தப்பையே ஒழுங்காகச் செய்கிறது. ரோஸுக்கு நான் அனுப்புவது என்ன? வெளிச்சம் முழுசாக, சிவப்பு முழுசாக, பச்சை இல்லை, நீலம் கொஞ்சம். எரிவது பச்சை. அப்படியானால் நீலத்துக்கு அனுப்பியதைப் பச்சை வாங்கிக்கொள்கிறது. வெள்ளைக்கு மூன்று நிறமும் அனுப்பினால் நீலம் மட்டும் வரவில்லை, அதனால் மஞ்சள். எல்லாம் ஒரு அறை தள்ளிப் போய்ச் சேருகிறது.

மென்பொருளில் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகக் கையால் ஏற்றிப் பார்க்க ஒரு பக்கம் உண்டு. அதைத் திறந்தேன். எட்டை ஏற்றினேன், ஒன்பதை ஏற்றினேன், பத்தையும் சேர்த்து ஏற்றினேன். இரண்டாவது விளக்கு பளிச்சென்று சிவப்பாக எரிந்தது. சிவப்பு அறை பத்து என்றால் வீடு ஆரம்பிப்பது ஒன்பதில். எட்டைத் திரும்ப இறக்கினேன், விளக்கு அசையவே இல்லை. பதினொன்றாவது விளக்குக்கு எழுபத்தொன்று எழுதிக் கொடுத்திருந்தேன். அது எழுபத்திரண்டில் உட்கார்ந்திருந்தது.

மணி ஐந்து ஐம்பது. கையசைத்து அவரைக் கூப்பிட்டேன்.

"இன்னாங்க, ரெண்டாவது லைட்டுக்கு இன்னா நம்பர் போட்டீங்க?"

"ஒன்பது" என்றார், கூசாமல்.

"பேப்பர்ல எட்டு."

"எட்டு ஆவாது. சனி. ஒன்பதுன்னா ராசி."

"பதினொண்ணாவது?"

"அது எழுபத்தொண்ணு எழுதியிருந்தே. ஏழும் ஒண்ணும் எட்டு. அதையும் தள்ளிட்டேன்."

எனக்கு முதலில் வந்தது சிரிப்பில்லை. மேஜையில் இருந்த ஒயரால் அவர் கழுத்தைச் சுற்றலாமா என்றுதான் வந்தது. பன்னிரண்டு எண்களில் கூட்டினால் எட்டு வருவது சரியாக அந்த இரண்டுதான். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்திருக்கிறார் மனிதர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஒரு நம்பர் தானே, தள்ளிப் போட்டா இன்னா ஆவப்போவுதுன்னு நெனச்சேன்" என்றார். அப்போதுதான் மேலே பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. "அதனாலயா? ஏறி மாத்திடறேன், இரு."

எங்கே ஏறுவது? கம்பிக்கு நேர் கீழே சோபா, பூத்தூண்கள், சந்தனக் கிண்ணம். அதற்கு எதிரே முந்நூறு பேர். "வேணாம், நான் கீழயே மாத்திக்கறேன்" என்றேன்.

விளக்கு ஒன்பதில் இருந்தால் மென்பொருளிடமும் ஒன்பது என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னேன். அது மறுத்தது. ஒன்பதில் ஆரம்பித்து ஏழு அறை என்றால் பதினைந்து வரை வரும், பதினைந்தில் மூன்றாவது விளக்கு குடியிருக்கிறது, இடமில்லை என்றது. சட்டம் பேசுவதற்கு அது தேர்ந்தெடுத்த நேரம். அந்த விளக்கின் ஏழாவது அறை எதற்கு என்று பார்த்தேன். தானாக நிறம் மாறும்போது எவ்வளவு வேகம் என்பதற்கு. யாருக்கு வேண்டும் அது? இந்த இரண்டு விளக்குக்கும் மொத்தமே ஆறு அறைதான் என்று மென்பொருளுக்கு ஒரு புதுக் குறிப்பு எழுதினேன். உள்ளே திறந்து திருத்தலாம் என்று விட்டு வைத்த புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும். ஒன்பதிலிருந்து பதினாலு, சரி. எழுபத்திரண்டிலிருந்து எழுபத்தேழு, சரி. மென்பொருள் ஏற்றுக்கொண்டது.

நாதஸ்வரம் வாசலில் கேட்டது. ரோஸைத் தட்டினேன். பன்னிரண்டும் ரோஸ்.

பெண் உள்ளே வந்தாள். மேடைப் படியில் கால் வைத்ததும் நிமிர்ந்து ஒரு தரம் மேலே பார்த்தாள். மாப்பிள்ளையின் முழங்கையை இடித்து எதையோ காட்டினாள். நான் வெளிச்சத்தை மெதுவாக ஏற்றினேன். தாய்மாமா மட்டும் எழுந்து என்னிடம் வந்து, "அந்தப் பச்சையை ஏம்மா எடுத்துட்டீங்க?" என்று வருத்தப்பட்டார். அன்று மாலை நான் இருபது தரமாவது அந்த ரோஸை ஏற்றி இறக்கினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் நாற்காலி போய்விடுமோ என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

எட்டு மணிக்கெல்லாம் மண்டபம் காலி. விளக்குகளை இறக்கி வைத்துவிட்டு இருவரும் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தோம். ஜெயித்த தெம்பில் நான் சும்மா இருப்பேனா?

"ஒண்ணு கேக்கணும். உங்க பழைய போர்டுல ரெண்டாவது லைட் இன்னா நம்பர்?"

"பதினேழு."

"ஒண்ணும் ஏழும் எவ்ளோ?"

அவர் அடுத்த ஒயரைக் கையில் எடுத்தார்.

"இத்தினி வருஷமா எட்டை வெச்சிக்கிட்டுத்தான மேடை மேடையா ஓட்டினீங்க? அப்பல்லாம் சனி எங்க போயிருந்தான்? என் டப்பாவுக்கு மட்டும்தான் வந்தானா?"

கையிலிருந்த ஒயரை ஒரு சுற்று குறையாமல் சுற்றி முடித்துக் கட்டினார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "அதெல்லாம் என் மேடை. எது வந்தாலும் பாத்துக்கலாம். இது உன்னுது, மொதல் தடவை. எதுவும் ஆயிடக் கூடாதுன்னுதான்..."

நான் தோற்க வேண்டும் என்று நிற்கிறார் என்று அந்தத் தூணைப் பார்த்துப் பார்த்து எரிந்திருக்கிறேன். என் மேடையைக் கெடுத்தது அவர்தான். கெடாமல் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்துக் கெடுத்திருக்கிறார். நானும் ஒரு ஒயரை எடுத்துச் சுற்றிக்கொண்டே, "நாளைக்கு அனந்தபுரம் காதுகுத்துக்கு யாரு ஓட்றது?" என்றேன்.

"நீதான். வேற யாரு?"

"எட்டை எட்டுன்னே போடணும்."

"போடறேன்" என்றார். "பேப்பர் குடு."

மறுநாள் அனந்தபுரத்தில் கம்பியை ஏற்றுவதற்கு முன்னால் இந்த முறை நானே ஒவ்வொரு விளக்காகக் குனிந்து சரிபார்த்தேன். இரண்டாவதில் எட்டு. பதினொன்றாவதில் எழுபத்தொன்று. எழுதிக் கொடுத்தபடியே போட்டிருந்தார். அந்த இரண்டு விளக்கின் முதுகிலும், எண்ணுக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் குங்குமப் பொட்டு இருந்தது. நான் துடைக்கவில்லை. "எல்லாம் சரி, ஏத்துங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, மேடைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.